அதிர்வு, இரைச்சல் கூட்டாய்வு நம் மண்ணை அளப்பதில் தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய பத்திராசிரியர் அவர்களுக்கு,

வடக்கிலுள்ள உயர்கல்வி நிறுவனம் ஒன்று, அதிர்வு, இரைச்சல் பொறியியல் துறையில் கூட்டாய்வு செய்வதற்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டிருப்பதாகத் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த செய்தியை மகிழ்ச்சியோடு வாசித்தேன். இத்துறையைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு வரி வருவதே அரிது. செய்தியில் கைச்சாத்திட்டவர்களின் பெயர்களும், மாணவர் பரிமாற்றம் பற்றிய உறுதிமொழியும், குத்துவிளக்கேற்றும் படமும் இருந்தன. எதை அளக்கப்போகிறார்கள், எந்தக் கருவியால் அளக்கப்போகிறார்கள், அளந்த தரவு யாரிடம் இருக்கப்போகிறது என்ற மூன்று விடயங்கள் மாத்திரம் அதில் இருக்கவில்லை. இயந்திரப் பொறியியல் போதனாசிரியராக முப்பது வருடங்களுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், உடன்படிக்கை நடைமுறைக்கு வருமுன்னரே இம்மூன்றையும் பற்றி எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

அதிர்வுப் பொறியியல் என்றதும் அது ஆகாயவிமானத்துக்கும் ரொக்கற்றுக்கும் உரிய துறை என்று நம்மவர் பலர் நினைப்பதுண்டு. கொக்குவிலில் நான் அறிந்த மெக்கானிக் ஒருவர், நீர் இறைக்கும் இயந்திரத்தின் பெயரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம்) பழுதா என்று பார்ப்பதற்கு, நீண்ட ஸ்குரூட்றைவர் ஒன்றின் நுனியைப் பெயரிங் உறையின்மேல் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். கால் நிமிடம் போதும். "வெளி றேஸ் போட்டுது", அதாவது பெயரிங்கின் வெளிவளையம் பழுது, என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் சொன்னபடியே இருக்கும். உருளும் குண்டு ஒவ்வொன்றும் பழுதான இடத்தைக் கடக்கையில் ஒரு சிறு தட்டு விழுகிறது. குண்டுகளின் எண்ணிக்கையும் பெயரிங்கின் அளவுகளும் தண்டின் சுழற்சி வேகமும் தெரிந்தால், அந்தத் தட்டு செக்கனுக்கு எத்தனை தடவை விழும் என்று கணக்கிட்டு, அதிர்வை அளக்கும் கருவியான ஆர்முடுகல்மானியின் பதிவில் அதே மீடிறனை, அதாவது செக்கனுக்கான அதே எண்ணிக்கையை, தேடிப் பிடிக்கலாம். ஆய்வுகூடங்கள் செய்வது இதைத்தான். அந்த மெக்கானிக்கின் காது கேட்டது அவரோடேயே நின்றுவிடும். ஆர்முடுகல்மானி அளந்ததோ எண்ணாக நிலைத்திருப்பதால், வேறொரு நாட்டில் இருக்கும் ஒருவர் அதைப் பார்த்து ஆமென்று ஏற்கவோ பிழையென்று மறுக்கவோ முடியும். எண் இல்லாத இடத்தில் கூட்டாய்வுக்கு இடமில்லை.

இத்துறை நெடுங்காலமாகவே நாடுகள் கூடிச் செய்யும் துறை. இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்ரன் பல்கலைக்கழகத்தில் ஒலி, அதிர்வு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் 1963இல் தொடங்கப்பட்டது. இரைச்சல் கட்டுப்பாட்டுப் பொறியியலாளர்களின் அனைத்துலக மாநாடு 1972இல் வாஷிங்டனில் தொடங்கி ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு நாட்டில் நடந்துவருகிறது. இத்தனை இருந்தும் ஒரு நாட்டில் அளந்தது மற்ற நாட்டுக்கு எட்டாமற் போவதுண்டு. லண்டனில் தேம்ஸ் நதியின் குறுக்கே அமைந்த மிலேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10இல் திறக்கப்பட்ட அன்றே பக்கவாட்டில் ஆடத்தொடங்கியது. பாலம் ஆட ஆட, நடப்பவர்கள் விழுந்துவிடாமல் அந்த ஆட்டத்துக்கு ஏற்பக் காலை எடுத்துவைக்க, அந்த அடிகளே ஆட்டத்தை மேலும் வளர்த்தன. இரண்டு நாட்களில் பாலத்தை மூடினார்கள். ஆட்டத்தை அடக்குவதற்காக 37 பாகுமைத் தணிப்பிகளையும் 52 திணிவுத் தணிப்பிகளையும் பொருத்தி 2002இல்தான் மீளத் திறந்தார்கள். இதே ஆட்டத்தை யப்பானிய நடைபாலம் ஒன்றில் அளந்து, பேராசிரியர் யோசோ ஃபுஜினோவும் அவரது குழுவினரும் 1993இலேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். உலகின் தலைசிறந்த பொறியியலாளர்கள் கூடி வடிவமைத்த பாலத்துக்கே இந்தக் கதி என்றால், அறிவு தானாக ஒருநாள் நம்மிடம் வந்து சேரும் என்று கிளிநொச்சி அறிவியல்நகரிலோ யாழ்ப்பாணத்திலோ நாம் காத்திருக்க இயலாது.

ஆகவே கூட்டாய்வு வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஆராய்ச்சியின் ஒரு துண்டை நம் மாணவர் ஒருவர் அங்கே போய்ச் செய்துவிட்டு வருவது மாத்திரம் கூட்டாய்வு ஆகாது. நம் மண்ணில் அளந்தால்தான் விடை கிடைக்கும் கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் முதலாவதாக நான் வைப்பது, லாண்ட்மாஸ்டர் என்று நாம் சொல்லும் இருசக்கர உழவு இயந்திரத்தை.

எங்கள் வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி இருக்கும் ஒருவர் இருபது வருடங்களாக லாண்ட்மாஸ்டர் ஓட்டுகிறார். காலையில் செம்மண் தோட்டத்தில் உழவு, பிற்பகலில் பெட்டியைப் பூட்டி வெங்காயமும் மரக்கறியும் ஏற்றி மருதனார்மடம் சந்தைக்கு ஓட்டம். ஒருநாள் மாலை எங்கள் வாசலில் இறங்கித் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கியவர், அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பிடித்திருந்தார். விரலால் பிடித்தால் கோப்பை இருப்பதே தெரியாது என்றார். "விரல் வெளுக்கிறதா தம்பி?" என்று கேட்டேன். "வெளுக்கிறேல்லை சேர், விறைச்சுப்போய்க் கிடக்கும், இரவிலைதான் கூட. சேட்டுப் பொத்தான் பூட்டுறதெண்டாலும் மனுசிதான்" என்றார். இதை ஒரு வருத்தமாகக் கொண்டு அவர் எந்த வைத்தியரிடமும் போனதில்லை. வேலை செய்கிற கை விறைக்கத்தானே செய்யும் என்பதே அவர் எண்ணம்.

அவரிடம் நான் விரல் வெளுப்பைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதிர்வுக் கருவிகளால் கைக்கு வரும் நோயை உலகம் அறிந்துகொண்டதே விரல் வெளுப்பின் மூலந்தான். 1911இல் இத்தாலிய மருத்துவர் லோரிகா காற்றமுக்கக் கருவி பிடித்த தொழிலாளரிடம் அதைக் குறிப்பிட்டார். 1918இல் மருத்துவர் அலிஸ் ஹமில்ற்றன் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பெட்ஃபோர்ட் என்ற ஊரில், காற்றமுக்கச் சம்மட்டியால் கல் செதுக்கும் தொழிலாளரின் விரல்கள் குளிர்ந்த காலைகளில் வெள்ளை வெளேரென்று இரத்தம் வற்றிப்போவதை ஆராய்ந்து எழுதினார். அவர்கள் செதுக்கிய கல் சுண்ணக்கல். நம் குடாநாடு முழுவதும் காலடியில் இருப்பதும், கிணறு தோண்டுபவர்கள் கொம்பிறசர் பூட்டி உடைப்பதும் அதே வகைக் கல்தான். அந்த நாளிலிருந்து வளர்ந்த ஆய்வுகளின் பயனாக வந்ததே ஐ.எஸ்.ஓ. 5349 என்ற அனைத்துலக நியமம். அதன் 2001ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னிணைப்பில், இன்ன அளவு அதிர்வுக்கு நாள்தோறும் ஆளாகும் தொழிலாளரில் 10 சதவீதத்தினருக்கு விரல் வெளுப்புத் தோன்ற எத்தனை வருடம் செல்லும் என்று கணிக்கும் முறை தரப்பட்டிருக்கிறது. கணிப்பு முழுவதும் விரல் வெளுப்பை வைத்தே செய்யப்பட்டது. வெளுப்பைக் கிளப்புவது குளிர். நம் ஊரில் அந்தக் குளிர் கிடையாது. மலேசியாவில் கட்டடத் தொழிலாளரிடையே செய்யப்பட்ட ஆய்வில், விரல் வெளுப்பைவிட நரம்பு சார்ந்த விறைப்பும் கூச்சமுமே மேலோங்கியிருந்தன. எங்கள் அயலவர் என்னிடம் சொன்னதும் அதுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் வகுத்த விதிப்படி, எட்டு மணித்தியால வேலைநாளுக்குக் கணக்கிட்ட கை அதிர்வின் ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்), செக்கன் வர்க்கத்துக்கு 2.5 மீற்றரைத் தொட்டால் தொழில்தருநர் நடவடிக்கை எடுக்கவேண்டும். அதே அளவுகோலில் 5ஐத் தாண்டவே கூடாது. ஒரு கைபிடி அதே அளவுகோலில் 10 என்ற அளவில் அதிருமானால், முதல் எல்லை அரை மணித்தியாலத்திலும் இரண்டாவது எல்லை இரண்டு மணித்தியாலத்திலும் எட்டிவிடும். நம் லாண்ட்மாஸ்டர்களின் கைபிடி எவ்வளவு அதிர்கிறது? ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 தடவை சுற்றினால் 40 ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 40 தடவை, கைபிடியை உலுக்கும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். பெட்டியோடு தார் றோட்டில் ஓடும்போதும், செம்மண்ணில் உழும்போதும், கல் நிறைந்த தரையில் உழும்போதும் அது எப்படி மாறுகிறது, ரப்பர் பிடி உக்கிப்போன பழைய இயந்திரத்தில் எவ்வளவு கூடுகிறது என்பதையெல்லாம் கைபிடியில் ஆர்முடுகல்மானியைக் கட்டி அளந்தாலொழிய அறிய வழியில்லை. காரக்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இவ்வகை இருசக்கர உழவு இயந்திரங்களின் கைபிடி அதிர்வை அளந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் முறை இருக்கிறது. சவுத்ஹாம்ப்ரன் போன்ற இடங்களில் மனித உடல் அதிர்வை எப்படி உணர்கிறது என்பது பற்றிய ஆழ்ந்த அறிவு இருக்கிறது. நம்மிடம் குளிரில்லாத நாட்டில் இருபது முப்பது வருடம் கைபிடி பிடித்த மனிதர்கள் இருக்கிறார்கள். இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால், பயன் எங்கள் ஊரான கோண்டாவிலோடு நிற்காமல் வெப்ப நாடுகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். பொறியியல் பீடம் தனித்துச் செய்யாமல் மருத்துவ பீடத்தையும் இதில் சேர்த்துக்கொள்வது அவசியம்.

இரண்டாவது விடயம் காற்றாலைகள். பளையில் அவை சுற்றத் தொடங்கி ஆண்டுகள் பல ஆகின்றன. மன்னாரில் ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற் திறன்கொண்ட 30 காற்றாலைகள் 2020 இறுதியில் இயக்கத்துக்கு வந்தன. பூநகரியைப் பற்றியும் பேச்சு நடக்கிறது. தூய சக்தியை நான் மனமார வரவேற்பவன். காற்றாலையின் இரைச்சல் ஏனைய இயந்திரங்களின் இரைச்சலைப் போன்றதன்று. நிமிடத்துக்கு 12 தடவை சுற்றும் மூன்று இறகுச் சுழலி, நிமிடத்துக்கு 36 தடவை "வூஷ், வூஷ்" என்று ஏறி இறங்கும் ஒலியை எழுப்பும். டெசிபலில் அளக்கும் சராசரி ஒலியளவு குறைவாக இருந்தாலும் இந்த ஏற்ற இறக்கம் இரவில் காதைப் பிடித்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில், காற்றாலை இரைச்சலின் பகல், மாலை, இரவுச் சராசரி 45 டெசிபலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று நிபந்தனையோடு பரிந்துரைத்திருக்கிறது. நம் நாட்டின் 1996ஆம் ஆண்டு இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரையறுப்பதோடு, இடத்தின் பின்னணி இரைச்சல் ஏற்கெனவே அந்த எல்லையை மீறியிருந்தால் அதற்கேற்பக் கணக்கிடும் வழியையும் தருகின்றன.

அந்தப் பின்னணி இரைச்சல் என்பது நம் பிரதேசத்தில் எத்தகையது? ஐரோப்பாவில் புல்வெளியிலும் வேலிப்புதரிலும் காற்று எழுப்பும் ஒலியை அளந்து, காற்றின் வேகத்தோடு அது எப்படி ஏறுகிறது என்று வளைகோடு வரைந்திருக்கிறார்கள். பளையில் இருப்பது பனங்கூடல். தென்மேற்குப் பருவக் காற்றான சோளகம் எழும்பினால் காய்ந்த பனையோலைகள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் சலசலப்பை அங்கே ஓர் இரவு தங்கியவர் எவரும் மறக்கமாட்டார். காற்றாலை வேகம் பிடிப்பதும் அதே சோளகத்தில்தான். பனையோலையின் ஒலி காற்றாலையின் ஒலியை மறைக்கிறதா, காற்று மேலே வீசிக் கீழே ஓய்ந்திருக்கும் பின்னிரவுகளில் அந்த மறைப்பு இல்லாமற் போகிறதா, வாடைக் காலத்தில் நிலைமை எப்படி என்பதெல்லாம் நல்ல ஆராய்ச்சிக் கேள்விகள். இவற்றை வேறெந்த நாட்டிலும் போய் அளக்க முடியாது. காற்றாலையைக் கட்டியபின் அளப்பதும் கடினம். எல்லா இயந்திரங்களையும் நிறுத்தினால் அன்றிப் பின்னணியைப் பிரித்தெடுக்க முடியாது. பூநகரியில் ஒரு கோபுரமும் எழுமுன்னர், குறைந்தது ஒரு சோளகக் காலமும் ஒரு வாடைக் காலமும் தொடர்ந்து அளந்து வைக்கவேண்டும். புதிய உடன்படிக்கையின் கீழ் செய்யக்கூடிய வேலைகளில் காலம் கடந்தால் மீளப் பெறமுடியாத வேலை இது ஒன்றுதான் என்பதால், இதை மிக அழுத்தமாக வேண்டிக்கொள்கிறேன்.

வேறு இடங்களும் உண்டு. 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் உவர்க்காற்றில் நிற்கிறது. அதன் இயற்கை மீடிறன்களை, அதாவது தானாக அதிரும்போது செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதை, வருடந்தோறும் அளந்துவந்தால் பாலத்தின் வளையாத்தன்மை குறைவதை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோது நகரத்துக் கடைவாசல்களில் ஓடிய ஜெனரேற்றர்களை நினைத்துப் பாருங்கள். அவற்றுக்கு உள்ளூர் ஒட்டுவேலைக் கடையிலேயே நல்ல சைலன்சர் செய்துகொள்ள முடியும். சைலன்சர் ஒலியியலில் உலகறிந்தவரான பேராசிரியர் எம்.எல். முஞ்சால் பணியாற்றிய இந்திய விஞ்ஞான நிறுவனம் பெங்களூரில்தான் இருக்கிறது.

இனிக் கருவியையும் தரவையும் பற்றி. இதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்லவேண்டியிருக்கிறது. பல வருடங்களுக்கு முன் வெளிநாட்டுக் குழு ஒன்று நாங்கள் இருந்த இடத்துக்கு வந்து, ஆறு வாரங்கள் ஜெனரேற்றர்களின் இரைச்சலையும் நீர்ப்பம்பிகளின் அதிர்வையும் அளந்தது. வந்தவர்கள் பண்பானவர்கள், கடும் உழைப்பாளிகள். எங்கள் மாணவர்கள் வெயிலில் கருவிப் பெட்டிகளைச் சுமந்தார்கள், வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டார்கள், நேரமும் இடமும் குறித்தார்கள். அளந்தவை எல்லாம் அவர்களது கணினியில் ஏறி அவர்களோடு போய்விட்டன. ஒரு பிரதி கேட்டு மூன்று கடிதங்கள் எழுதினேன். இரண்டாவதற்கு விரைவில் அனுப்புவோம் என்று பதில் வந்தது, அவ்வளவுதான். போகும்போது ஓர் ஒலிமட்டமானியை அன்பளிப்பாக வைத்துவிட்டுப் போனார்கள். அதைச் சரிபார்க்கும் அளவுதிருத்தியை வைத்துவிட்டுப் போகவில்லை. 1,000 ஹேர்ட்ஸில் 94 டெசிபல் ஒலியைக் கொடுத்து, மானி அதே 94ஐக் காட்டுகிறதா என்று ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னும் பின்னும் பார்ப்பதற்கு அந்தச் சிறு கருவி வேண்டும். அது இல்லாமல் எடுத்த எண்ணை எந்த ஆய்விதழும் ஏற்காது, எந்த நீதிமன்றமும் ஏற்காது. ஒரு மாரி கழித்துப் பெட்டியைத் திறந்தேன். ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைத்திருந்த நீலநிற சிலிக்கா மணிகள் எல்லாம் இளஞ்சிவப்பாக மாறியிருந்தன. ஒலிவாங்கியின் மென்தகட்டில், தலைமயிரைவிட மெல்லிய அந்த உலோகத் தோலில், உப்புப் பூத்திருந்தது. அந்த மானியால் அதன்பின் நாங்கள் ஓர் அளவீடும் செய்யவில்லை.

இந்த அனுபவத்தை வைத்துத்தான் உடன்படிக்கையை நடத்துபவர்களிடம் கேட்கிறேன். அளவுதிருத்தியும், வருடத்துக்கொரு தடவை கருவியை அனுப்பிச் சான்றிதழ் பெறுவதற்கான செலவும் வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதப்படட்டும். குளிரூட்டி, ஈரம் புகாத பெட்டி, அவற்றைப் பொறுப்பேற்கும் நிரந்தரத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் இல்லாமல் விலையுயர்ந்த பகுப்பாய்விகளை வாங்கிப் பயனில்லை. அளந்த மூலத்தரவு முழுவதும், அளந்த அன்றே, இங்குள்ள கணினியிலும் ஏறட்டும். பெட்டி சுமந்த மாணவரின் பெயர் கட்டுரையில் இடம்பெறட்டும். இவை நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கைகள் என்று யாரும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையினர், மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தோடு தூய சக்திக்கான நனோ பொருள்கள் பற்றி நடத்திய கூட்டாய்வில் இங்குள்ள மாணவர்களுக்கும் அங்குள்ளவர்களுக்கும் போக்குவரத்தும் கூட்டு வெளியீடுகளும் வாய்த்ததை நாம் பார்த்திருக்கிறோம். தூய சக்தி ஆய்வுக்கு இயன்றது அதிர்வு ஆய்வுக்கு இயலாமற் போகாது. கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இயந்திரப் பொறியியலாளர்களாக இருக்கும் நம்மவர்கள், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஓர் உரை நிகழ்த்திவிட்டுப் போவதோடு நில்லாமல், ஆய்வு மாணவர் ஒருவரைத் தொலைவிலிருந்தே மேற்பார்வை செய்யும் பொறுப்பை ஏற்கலாம்.

சென்னையை மறந்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பலாலி விமான நிலையத்திலிருந்து அங்கே பறக்கும் நேரம், கொழும்புக்குத் தரைவழியே போகும் நேரத்தைவிடக் குறைவு. அங்குள்ள ஆய்வுகூடங்களிலும் நம் மொழி பேசுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு சிறு இடைஞ்சலை மட்டும் முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. நாம் மீடிறன் என்பதை அவர்கள் அதிர்வெண் என்பார்கள்; நம் ஆர்முடுகல் அவர்களுக்கு முடுக்கம்; நாம் பரிவு என்று படித்ததை அவர்கள் ஒத்ததிர்வு என்று படித்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்தாரும் கூடியிருந்து ஒரு சொற்பட்டியல் செய்துகொண்டால், லாண்ட்மாஸ்டர் ஓட்டுபவருக்கும் காற்றாலைக்கு அருகே குடியிருப்பவருக்கும் ஆய்வின் முடிவைத் தமிழிலேயே எழுதிக் கையில் கொடுக்க அது உதவும்.

என்னிடம் பணிக்காலத்தில் நானும் மாணவர்களும் எழுதிவைத்த அளவீட்டுக் குறிப்பேடுகள் பதினொன்று இருக்கின்றன. நீர்ப்பம்பிகள், அரிசி ஆலைகள், மரம் அரியும் ஆலைகள் ஆகியவற்றில் எடுத்த அளவுகள் அவற்றில் உள்ளன. எந்தக் கருவி, எந்தத் திகதி, அன்று அளவுதிருத்தம் செய்தோமா இல்லையா என்பதும் பக்கந்தோறும் குறிக்கப்பட்டிருக்கிறது. புதிய கூட்டாய்வில் ஈடுபடும் விரிவுரையாளர்களோ மாணவர்களோ தங்கள் பத்திரிகை மூலம் என்னைத் தொடர்புகொண்டால், அவற்றை அவர்களிடம் ஒப்படைத்து, அந்த இடங்கள் எவையென்று நேரில் அழைத்துச்சென்று காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன். லாண்ட்மாஸ்டர் ஓட்டும் என் அயலவரும், கைபிடியில் கருவி பூட்டுவதற்குத் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றும், சந்தை நாட்களைத் தவிர்த்து வந்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார்.

இக்கடிதத்தைத் தங்கள் பத்திரிகையில் பிரசுரித்து உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியியல் போதனாசிரியர்,
கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.